முதலில் யாரை எடுப்பது: கோல் அடிப்பவரையா, தடுப்பவரையா?

புது சீசனுக்கு அணி சேர்க்கும்போது எந்தக் காற்பந்து ரசிகரும் கேட்பது: முதல்ல எந்த இடத்துக்கு ஆள் பிடிக்கணும்?

மலேசியாவில் டிராஃப்ட் உண்டா?
இல்லை. டிராஃப்ட் என்றால், ஒரே பட்டியலிலிருந்து அணிகள் முறை வைத்து ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பது. சூப்பர் லீக்கில் நேரடி ஒப்பந்தம்தான். ஆனால், வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு வரம்பு உண்டு. ஒரு இடம் வீணானால், சீசனே கஷ்டம்.

இந்தியாவில் என்ன நடந்தது?
2017 ஐஎஸ்எல் டிராஃப்டில் புதிய அணியான ஜம்ஷெட்பூர், முதல் ஆளாகத் தற்காப்பு ஆட்டக்காரர் அனஸ் எடத்தொடிகாவை எடுத்தது. 18 ஆட்டங்களில் வாங்கியது 18 கோல்தான். அடித்ததோ வெறும் 16. கிடைத்தது ஐந்தாம் இடம், பிளே-ஆஃப் இல்லை.

அப்போ தற்காப்பு வேண்டாமா?
அப்படியும் சொல்ல முடியாது. அதே சீசனின் இறுதியாட்டத்தில் சென்னையின் எஃப்சி 3-2 என வென்றது. அதில் இரண்டு கோல், தற்காப்பு ஆட்டக்காரர் மைல்சன் ஆல்வெஸ் தலையால் முட்டியவை.

பினாங்கு எப்படிச் செய்தது?
2021இல் மூன்றாம் இடம் பிடித்தபோது முன்னால் காசாகிராண்டே, நடுவில் எண்ட்ரிக், பின்னால் ரஃபேல் விட்டோர் என மூவரும் பிரேசில்காரர்கள். ஒரே வரிசையில் கொட்டாமல், அணியின் முதுகெலும்பையே கட்டினார்கள்.

உள்ளூர் பையன்களுக்கு இடம்?
அதுதான் முக்கியம். கோல் அடிக்க வெளிநாட்டவரை மட்டுமே நம்பினால், உள்ளூர் தாக்குதல் ஆட்டக்காரர் பெஞ்சில்தான். ஆனால், 2016இல் பினாங்கு சிட்டி ஸ்டேடியத்தில் ஃப்ரீ-கிக் அடித்து ஃபிஃபா புஸ்காஸ் விருது வாங்கிய ஃபாய்ஸ் சுப்ரி, மலேசியர்!