கோல்கை உறுப்பு

கோல்கை உறுப்பு, உட்கருவுள்ள செல்களில் காணப்படும் சவ்வாலான உள்ளுறுப்பு. எண்டோபிளாச வலையில் உருவாகி வரும் புரதங்களையும் கொழுப்புகளையும் பெற்று, அவற்றில் சர்க்கரைக் கூறுகளைச் சேர்த்தும் நீக்கியும் திருத்தி, செல்லின் வெளிச்சவ்வுக்கோ லைசோசோமுக்கோ செல்லுக்கு வெளியேயோ பிரித்து அனுப்புவது இதன் பணி. தட்டையான பைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அமைந்தது. விலங்குச் செல்களில் ஓர் அடுக்கில் பெரும்பாலும் 4 முதல் 8 பைகள் இருக்கும். எண்டோபிளாச வலையை நோக்கிய பக்கம் சிஸ் முகம், எதிர்ப்பக்கம் டிரான்ஸ் முகம். பாலூட்டிகளில் அடுக்குகள் இணைந்து உட்கருவின் அருகே நாடாவாக நீளும். தாவரச் செல்களில் அவை தனித்தனியே சிதறிக் கிடக்கும்; அவற்றை டிக்டியோசோம்கள் என்பர். ரொட்டி ஈஸ்ட்டில் பைகள் பெரும்பாலும் அடுக்கப்படுவதில்லை.

இன்று பள்ளிப் பாடநூல்களில் தயக்கமின்றி வரையப்படும் இவ்வுறுப்பு மெய்யாகவே உள்ளதா என்பது, கண்டறியப்பட்ட பிறகும் அரை நூற்றாண்டுக்கு மேல் தீராத வழக்காக இருந்தது.

1860களில் லா வலெட் செயின்ட் ஜார்ஜ் என்ற ஆய்வாளர் முதுகெலும்பற்ற உயிர்களின் விந்துச் செல்களில் விவரித்த துகள்களுள் சில இவ்வுறுப்பாக இருக்கலாம் எனப் பிற்காலத்தார் கருதினர்.

கண்டறிந்தவர் எனப் பொதுவாக ஏற்கப்படுபவர் இத்தாலிய மருத்துவர் கமில்லோ கோல்கி (1843–1926). வடஇத்தாலியில் அப்பியாத்தெகிராசோ ஊரில் தீராநோயாளர் மருத்துவமனையில் பணியாற்றியபோது, 1873இல் அவர் 'கறுப்பு வினை' எனப்படும் சாயமேற்றும் முறையை வெளியிட்டார். மருத்துவமனைக் குடியிருப்பின் சமையலறையே அவருக்கு ஆய்வகமாக இருந்ததாகச் சொல்லப்படுகிறது. நரம்புத் திசுவைப் பொட்டாசியம் டைகுரோமேட்டில் இறுகவைத்துப் பின்னர் வெள்ளி நைட்ரேட்டில் ஊறவைத்தால், வெள்ளிக் குரோமேட் படிந்து ஆங்காங்கே சில செல்கள் மட்டும் வேரும் கிளையுமாக முழுக்கக் கறுத்துத் தெரியும். ஆயிரம் செல்களில் அந்தச் சிலவற்றை மட்டும் அது ஏன் பற்றுகிறது என்பது இன்றும் முழுமையாக விளங்கவில்லை.

இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, பாவியா பல்கலைக்கழகத்தில், ஆஸ்மிக் அமிலம் கலந்த மாற்றுமுறையைக் கையாண்டபோது செல்லின் உருவத்தைவிட உட்புறம் தெரிந்தது. எடுத்துக்கொண்டது கூகையின் சிறுமூளை. அதன் புர்கின்ஜி செல்களுக்குள் உட்கருவைச் சுற்றி, செல்லின் விளிம்பைத் தொடாமல், ஒரு நுண்ணிய வலை படிந்திருந்தது. சாயம் ஒருமுறை பிடித்தால் மறுமுறை பிடிக்கவில்லை. கோல்கி உடனே அறிவிக்கத் தயங்கினார். அவருடைய உதவியாளர் எமிலியோ வெராத்தி கண்ணசைவு நரம்புகளுள் ஒன்றின் செல்களிலும் அதே வலையைக் கண்ட பிறகே, 1898 ஏப்ரலில், பாவியா மருத்துவச் சங்கத்தில் 'அக வலையுறுப்பு' என்ற பெயரில் அறிவித்தார். அதன் பணியைப் பற்றி அவர் எதையும் நிறுவ முற்படவில்லை. அந்தக் கட்டுப்பாடு அக்கால ஆய்வாளர்களிடம் அரிது.

ஸ்பெயினின் சந்தியாகோ ரமோன் இ காஹால், தாம் இதை முன்பே கண்டதாகவும் சாயம் மீண்டும் பிடிக்காததால் விட்டுவிட்டதாகவும் பின்னாளில் எழுதினார். இதன் முந்துரிமை வரலாற்றாசிரியர்களால் ஒருமனதாகத் தீர்க்கப்படவில்லை. 1906இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்; ஆனால் அது நரம்பு மண்டல ஆய்வுக்காக. நரம்புச் செல்கள் தனித்தனி அலகுகள் என்ற காஹாலின் கருத்தை ஸ்டாக்ஹோமில் ஆற்றிய பரிசேற்பு உரையிலேயே கோல்கி மறுத்தார். செல்களுக்கிடையே தொடர்வதாக அவர் நம்பிய வலை பொய்த்துப்போனது. செல்லுக்குள் கண்ட வலையோ நிலைத்தது.

அடுத்த நாற்பது ஆண்டுகளின் நூற்பெருக்கம் வியப்பூட்டும் அளவுக்குப் பெரிது, பயன் குறைவு. உயிருள்ள செல்லில் உறுப்பு கண்ணுக்குப் புலப்படவில்லை. சாயம் ஏற்றினால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் உருவம் கிடைத்தது. 1923இல் நசோனோவ் இது சுரப்புடன் தொடர்புடையது என்றார். பாரிசில் பாராவும் ஆக்ஸ்ஃபோர்டில் பேக்கரும் அப்படியோர் உறுப்பு உண்டா என ஐயுற்றனர். டப்ளினில் கேட்டன்பி அது மெய்யே என விடாமல் வாதாடினார். 1949இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஜார்ஜ் பலாடும் ஆல்பர்ட் கிளாடும், இது பதப்படுத்தும்போது கொழுப்புப் பொருள்களிலிருந்து தோன்றும் செயற்கை உருவமே என எழுதினர்.

1954இல் டால்டனும் ஃபெலிக்சும் சுண்டெலியின் விந்தகமேல் குழலிலும், சுவீடனில் ஷோஸ்ட்ராண்டும் ஹன்சோனும் கணையத்திலும் எலக்ட்ரான் நுண்ணோக்கியால் அடுக்குப் பைகளைத் தெளிவாகக் காட்ட, வழக்கு முடிந்தது.

பணியை நிறுவியதில் பெரும்பங்கு அந்தப் பலாடுக்கே என்பது குறிப்பிடத்தக்கது. 1967இல் ஜேமிசனும் அவரும் கினிப்பன்றியின் கணையத் துண்டுகளுக்குக் கதிரியக்கமுள்ள லூசின் என்ற அமினோ அமிலத்தை 3 நிமிடம் மட்டும் அளித்து, அது செல்லுக்குள் நகர்வதைத் தொடர்ந்தனர். முதலில் எண்டோபிளாச வலையில் இருந்தது. 7 நிமிடம் கழித்துக் கோல்கை உறுப்பின் அருகிலுள்ள நுண்பைகளில் தென்பட்டது. ஏறத்தாழ 2 மணி நேரத்தில் சுரப்புத் துகள்களுள் போய்ச் சேர்ந்திருந்தது. நியூட்ராவும் லெப்லோனும் 1966இல் சர்க்கரைகள் இங்கேயே புரதத்தோடு சேர்வதைக் காட்டியிருந்தனர். லைசோசோமுக்குரிய நொதிகளில் மேனோஸ்-6-பாஸ்பேட் என்ற முத்திரை இங்கு இடப்படுகிறது. அம்முத்திரை இடப்படாத 'ஐ-செல்' நோயில் நொதிகள் லைசோசோமை அடையாமல் செல்லுக்கு வெளியே கசிகின்றன.

தாவரங்களில் பெக்டின், ஹெமிசெல்லுலோஸ் ஆகியவை இங்குத் தயாராகிச் செல்சுவருக்குச் செல்கின்றன.

பைகளுக்கூடே சரக்கு எப்படி நகர்கிறது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பைகள் நிலையானவை, நுண்பைகளே சரக்கைச் சுமக்கின்றன என்பது ஒரு கொள்கை. பைகளே சிஸ் பக்கத்தில் பிறந்து முதிர்ந்து டிரான்ஸ் பக்கம் நகர்கின்றன என்பது மற்றொன்று. சில பாசிகளின் செதில்கள் நுண்பைக்குள் அடங்காத அளவு பெரியவை. இரண்டாவது கொள்கைக்கு அது வலுவான சான்று. 2006இல் கிளிக் குழுவும் நகானோ குழுவும் ஈஸ்ட்டில் ஒரே பை நிறம் மாறி முதிர்வதை நேரில் படம்பிடித்தன. பாலூட்டிச் செல்களில் இதுவே முழு விளக்கமா, இரு வழிகளும் கலந்துள்ளனவா என்பதில் ஒருமித்த முடிவு இல்லை.

நுண்பைப் போக்குவரத்தின் பொறிமுறைக்காக ராத்மன், ஷெக்மன், சூடோஃப் மூவரும் 2013இல் நோபல் பரிசு பெற்றனர்.