பொருள்மாறி (ரூபி நிரல்மொழி)

பொருள்மாறி, அதாவது இன்ஸ்டன்ஸ் வேரியபிள், ஒரு பொருள் தன் நிலையைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் இடம். யுகிஹிரோ மட்சுமோட்டோ உருவாக்கி 1995இல் வெளியிட்ட ரூபியில் இதன் பெயர் @ குறியுடன் தொடங்கும். ஜாவாவில் வகுப்பை எழுதும்போதே மாறிகளை அறிவித்துவிட வேண்டும். ரூபியில் அறிவிப்பே கிடையாது; முதன்முதல் மதிப்பு இடப்படும் கணத்தில்தான் மாறி பிறக்கிறது.

கோயில் திருவிழாக்களுக்கென ஒரு வகுப்பு எழுதி, நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்கு ஒரு பொருளும் தொண்டைமானாறு செல்வச்சந்நிதிக்கு ஒரு பொருளும் ஆக்குவதாகக் கொள்வோம். நல்லூரில் @நாட்கள் = 25; சந்நிதியில் 15. செயல்முறைகள் வகுப்பில் ஒரே இடத்தில் இருந்து இரண்டுக்கும் பொதுவாகின்றன. மதிப்புகள் அந்தந்தப் பொருளுக்கே உரியவை. நல்லூரின் பெயர்பெற்ற ஒரு ரூபா அர்ச்சனைச் சீட்டை @அர்ச்சனை = 1 என அந்தப் பொருளில் மட்டும் சேர்த்தால், சந்நிதியில் அப்படியொரு மாறி தோன்றாது. இதே வரியைச் செயல்முறைகளுக்கு வெளியே, வகுப்பின் உடலில் நேரடியாக எழுதினால் மாறி எந்தக் கோயிலுக்கும் சேராமல் வகுப்புக்கே சேர்ந்துவிடும்; ரூபியில் வகுப்பும் ஒரு பொருள்தான். புதிதாகக் கற்பவர்கள் தடுக்கி விழும் இடம் இது.

வெளியிலிருந்து பொருள்மாறியை நேரே தொட முடியாது. நல்லூர்.நாட்கள் என்று எழுதுவது மாறியை வாசிப்பதன்று, அந்தப் பெயருள்ள செயல்முறையை அழைப்பது.

முன்பு ஒவ்வொரு வகுப்பும் தன் பொருள்களின் மாறிகளுக்கு ஓர் அட்டவணை வைத்திருந்தது. 2022 டிசம்பரில் வந்த 3.2 பதிப்பு முதல், ஒரே மாறிகளை ஒரே வரிசையில் பெற்ற பொருள்கள் ‘வடிவம்’ ஒன்றைப் பகிர்கின்றன. ஆகவே எல்லா மாறிகளையும் தொடக்கச் செயல்முறையிலேயே ஒரே ஒழுங்கில் இட்டுவிடுவது நல்ல வழக்கம்.

மதிப்பு இடாத மாறியை வாசித்தால் பிழை எழாது. ‘நில்’ என்ற வெறுமை கிடைக்கும். @நாட்கள் என்பதற்குப் பதில் @நாள்கள் என்று எழுதிவிட்டாலும் நிரல் ஓடும். பத்து வரி தள்ளி அந்த வெறுமையோடு எண்ணைக் கூட்டும்போதுதான் முறியும். 3.0 பதிப்பிலிருந்து இதற்கான எச்சரிக்கைகூட இல்லை.

தமிழில் பெயரிடுவோருக்கு இதைவிட நுண்ணிய பொறி ஒன்று உண்டு. @கொடியேற்றம் என்பதிலுள்ள ‘கொ’வின் குறியை யுனிகோட்டில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். பாமினி முறையில் தட்டச்சிடுவோர் கொம்பு, ககரம், கால் என மூன்று விசைகளை அழுத்துகிறார்கள். மென்பொருள் அவற்றை இணைக்கத் தவறினால் இரண்டாம் வடிவமே பதிவாகும். திரையில் வேறுபாடு தெரியாது. ரூபிக்கோ அவை இரு வேறு மாறிகள். ஒன்றில் மதிப்பு, மற்றதில் வெறுமை. பைத்தான் 3 பெயர்களைச் சீராக்கிய பின்பே ஒப்பிடுவதால் அங்கே இந்தச் சிக்கல் இல்லை. ஐயம் எழுந்தால் பொருளிடம் அதன் மாறிப் பட்டியலைக் கேட்டுப் பெயர்களைக் குறியீடு குறியீடாகப் பார்க்க வேண்டும்.

மாறிக்குத் தமிழ்ப் பெயர் இடலாம், வகுப்புக்கு முடியாது. வகுப்பின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்பது ரூபியின் விதி, தமிழ் எழுத்தில் பெரியது சிறியது என்ற பேதம் இல்லை.