முற்றுப் பெறாத ரதங்களும் முடிவு கேட்ட ஆட்டக்காரர்களும்

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது இரண்டு நிபந்தனை போட்டார்கள். பொறியியல் சம்பந்தம் இருக்க வேண்டும். ஆனால் பாடப் புத்தகம் மாதிரி இருக்கக் கூடாது. யோசித்துப் பார்த்ததில் கதை சொல்லும் வீடியோ கேம்களின் சரித்திரம் இரண்டுக்கும் சரியாக வரும் என்று தோன்றியது. "போயும் போயும் வீடியோ கேமா?" என்று நம் மூத்த மாணவர்கள் கேட்கக் கூடும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள் சார். பாதி வேலையில் சரக்கை வெளியே அனுப்புவது, வாங்கினவர் சண்டைக்கு வருவது, பிறகு உட்கார்ந்து சரி செய்வது என்று நாம் ஆபீசில் தினமும் படுகிற பாடு அத்தனையும் இந்தச் சரித்திரத்தில் இருக்கிறது.

முதலில் மாமல்லபுரம்

செங்கல்பட்டில் படித்துவிட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்து மாமல்லபுரம் போகாதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. ஐந்து ரதங்களின் முன்னால் நின்று போட்டோ எடுத்திருப்போம். ஆனால் அங்கே ஒரு விஷயத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். அந்த ரதங்களில் பல முழுதாக முடிந்தவை அல்ல. தர்மராஜ ரதத்தின் மேல் தளங்களில் அத்தனை நுணுக்கம். கீழ்த்தளத்தின் உட்பகுதியோ குடையப்படாமல் நின்று போயிருக்கிறது. பீம ரதத்தின் கீழ்ப்பகுதி இன்றும் கரடுமுரடான பாறைதான். பிடாரி ரதங்களும் வலையன்குட்டை ரதமும் அப்படியே. மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டு வந்தவர்கள் எந்த இடத்தில் கையை எடுத்தார்கள் என்பது கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. 'அர்ச்சுனன் தபசு' சிற்பத்தை உலகமே வந்து பார்க்கிறது. அதே ஊரில் அதே காட்சியை இன்னொரு பாறையில் ஆரம்பித்துப் பாதியில் விட்டிருக்கிறார்கள்.

ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் காலத்து வேலை ஏன் நின்றது என்பதில் அறிஞர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் ஒன்று நிச்சயம். கல்லில் விட்டது விட்டதுதான். வாங்கிய பிறகு திருத்தி அனுப்பும் 'பேட்ச்' என்கிற வசதி கல்லுக்குக் கிடையாது, சாஃப்ட்வேருக்கு உண்டு. அந்த வசதி வரமா, சாபமா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

சைபர்பங்க் என்றால் என்ன?

மாமல்லபுரம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமான அதே 1984ஆம் ஆண்டில், வில்லியம் கிப்ஸன் எழுதிய 'நியூரோமான்சர்' என்ற நாவல் வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டு புரூஸ் பெத்கே ஒரு சிறுகதைக்கு வைத்த தலைப்பு 'சைபர்பங்க்'. அந்தச் சொல் இந்த வகைக் கதைகளுக்கே பெயராகி நிலைத்துவிட்டது. சுருக்கமாகச் சொன்னால், தொழில்நுட்பம் உச்சத்தில், மனுஷன் வாழ்க்கை பாதாளத்தில். மூளைக்குள் சிப்பு இருக்கும். வீட்டு வாடகைக்குக் காசு இருக்காது. அரசாங்கத்தைவிடக் கம்பெனி பெரிசாக இருக்கும்.

இது நமக்கு இறக்குமதிச் சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். இதே மாவட்டத்தில் இருக்கும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்து, பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்து, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதிலும் பங்கு கொண்ட ஒரு பொறியாளர், 1980களில் ஆனந்த விகடனில் 'என் இனிய இயந்திரா' என்ற தொடர் எழுதினார். அவர்தான் சுஜாதா. கதை நடப்பது 2022இல். குழந்தை பெறுவதற்குக் கூட அரசாங்க அனுமதி வேண்டும். நாடே வணங்கும் தலைவர் 'ஜீவா' வெறும் ஒளிப் பிம்பம். கணவனைக் காணாமல் தவிக்கும் நிலாவுக்குத் துணையாக நிற்பது ஜீனோ என்ற இயந்திர நாய். அது சுயமாக யோசிக்கவும் ஆரம்பித்துவிடுகிறது. தூர்தர்ஷனிலும் இது தொடராக வந்தது. பிறகு 'மீண்டும் ஜீனோ' எழுதப்பட்டது. சைபர்பங்க் என்ற சொல்லைக் கேள்விப்படாத நம் வீட்டுப் பெரியவர்கள், அதன் சாரத்தை வாராவாரம் காத்திருந்து படித்திருக்கிறார்கள்! (நிஜமான 2022இல் நம் கடற்கரைக்கு வந்தது செஸ் ஒலிம்பியாட். நல்ல வேளை.)

1988: பாதியில் நின்ற கதை

நாவலுக்கும் வீடியோ கேமுக்கும் ஒரு முக்கிய வித்தியாசம் உண்டு. நாவலில் கதாநாயகன் முடிவு எடுப்பான், நாம் பார்த்துக்கொண்டிருப்போம். கேமில் முடிவு எடுப்பது நாம். அதனால் கதை நன்றாக இல்லையென்றால் கோபமும் இரட்டிப்பாக வருகிறது.

ஜப்பானில் ஹிடியோ கோஜிமா 1988இல் 'ஸ்நாச்சர்' என்ற கேமைக் கொண்டு வந்தார். மனிதர்களைக் கொன்றுவிட்டு அவர்கள் இடத்தில் வந்து உட்காரும் ரோபோக்கள், அவற்றைத் தேடும், பழைய ஞாபகம் இழந்த துப்பறிவாளர் என்று அருமையான கதை. ஆனால் திட்டமிட்டபடி முழுக் கதையும் அதில் இல்லை. முடிச்சு அவிழாமலே நின்றுவிட்டது. அப்போது இன்டர்நெட்டில் பேட்ச் அனுப்பும் வழியெல்லாம் ஏது? 1992இல் வந்த சி.டி. பதிப்பில்தான் கடைசிப் பகுதி சேர்ந்து கதை முடிந்தது. நான்கு வருஷம்! ஆக, இந்த வகை கேம்களின் ஆரம்பத்திலேயே ஒரு முற்றுப் பெறாத ரதம் இருந்தது எனலாம்.

2000: சொன்ன சொல் காப்பாற்றிய கேம்

அடுத்து, இன்றைக்கும் பலர் தலையில் வைத்துக் கொண்டாடும் 'டியஸ் எக்ஸ்'. அமெரிக்காவின் அயன் ஸ்டார்ம் கம்பெனி உருவாக்கியது, தலைமை வாரன் ஸ்பெக்டர், வருஷம் 2000. படம் பார்த்தால் இப்போது சிரிப்பு வரும். முகமெல்லாம் மரப்பாச்சி மாதிரி இருக்கும். அப்படியிருந்தும் ஏன் கொண்டாடுகிறார்கள்?

ஒரு சின்ன உதாரணம். தலைமை அலுவலகத்தில் பெண்கள் கழிப்பறைக்குள் சும்மா நுழைந்து பார்த்துவிட்டு வந்தால், பிற்பாடு மேலதிகாரி அதைச் சொல்லிக் கண்டிப்பார். ஒரு பெரிய உதாரணம். கதாநாயகனின் அண்ணன் பால், "என்னை விட்டுவிட்டு ஜன்னல் வழியாகத் தப்பி ஓடு" என்கிறான். ஓடினால் அவன் சாவான். பேச்சைக் கேட்காமல் நின்று போராடி, வாசல் வழியாக வெளியேறினால் அவன் பிழைத்துக்கொள்வான். அதற்குப் பிறகு வரும் கதையும் அதை ஞாபகம் வைத்திருக்கும். இந்த வழி இருக்கிறது என்று கேம் எங்கேயும் தண்டோரா போடவில்லை. விளையாடுகிறவன் மனசுக்குத் தோன்றியதைச் செய்தான். கேம் அதை மதித்தது. இத்தனை வருஷத்து ஆட்டக்காரர்களின் கருத்தையெல்லாம் வடிகட்டினால் மிஞ்சுவது இந்த ஒரு வரிதான்: "நான் செய்ததற்கு ஏதாவது அர்த்தம் இருக்க வேண்டும்."

அதே வரிசையில் 2011இல் வந்த 'ஹியூமன் ரெவல்யூஷன்' நல்ல கேம்தான். ஆனால் யாரையும் கொல்லாமல் ஒளிந்து ஒளிந்தே விளையாடலாம் என்று சொல்லிவிட்டு, நடுநடுவே பெரிய வில்லன்களோடு நேருக்கு நேர் சண்டை போட்டே ஆக வேண்டும் என்று நிறுத்தியது. அந்தச் சண்டைகளை மட்டும் வேறொரு கம்பெனிக்கு வெளி வேலையாகக் கொடுத்திருந்தார்கள். ஆட்டக்காரர்கள் விடவில்லை. கடைசியில் பட்டனை அழுத்தி முடிவைத் தேர்ந்தெடுக்கச் சொன்னதையும், "இதற்கா இவ்வளவு நேரம் விளையாடினோம்?" என்று கேட்டார்கள். 2013இல் வந்த திருத்திய பதிப்பில் வில்லன் சண்டைகளுக்கு மாற்று வழிகள் சேர்க்கப்பட்டன.

2020: பெரிய சறுக்கல்

இப்போது முக்கியக் கட்டத்துக்கு வருவோம். 1988இல் மைக் பாண்ட்ஸ்மித் உருவாக்கிய 'சைபர்பங்க்' என்ற காகிதம், பகடை வைத்து ஆடும் விளையாட்டை ஆதாரமாகக் கொண்டு, போலந்தின் சி.டி. ப்ராஜெக்ட் ரெட் கம்பெனி 'சைபர்பங்க் 2077' என்ற கேமை 2012இல் அறிவித்தது. 2020 ஏப்ரலில் வர வேண்டியது செப்டம்பருக்குப் போய், நவம்பருக்குப் போய், கடைசியில் டிசம்பர் 10 அன்று வந்தது. அதற்கு முன்பே சுமார் 80 லட்சம் பேர் பணம் கட்டி முன்பதிவு செய்திருந்தார்கள்.

வந்தது எப்படி? பழைய பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவிகளில் ஆமை வேகம், நடுவில் நின்று போவது, ஆட்கள் அந்தரத்தில் மிதப்பது. எங்கேயாவது குற்றம் செய்தால் போலீஸ் ஜீப்பில் வராது. முதுகுக்குப் பின்னால் ஆகாயத்திலிருந்து குதித்தது போல் முளைக்கும். வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குக் கம்ப்யூட்டர் பதிப்பை மட்டுமே கொடுத்திருந்ததால், மோசமான பதிப்பை முதலில் பார்த்தவர்கள் காசு கொடுத்தவர்கள்தான். ஒரே வாரத்தில் சோனி தன் கடையிலிருந்து அதை எடுத்துவிட்டு, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. 2021 ஜூன் 21 அன்றுதான் மறுபடி விற்பனைக்கு வந்தது. நடுவில் ஜனவரியில் கம்பெனித் தலைமையே வீடியோவில் தோன்றி வருத்தம் தெரிவித்தது.

நம்மை மாதிரி வேலைக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. "கட்டாய ஓவர்டைம் இருக்காது" என்று 2019இல் சொன்ன அதே கம்பெனி, 2020இல் வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்று ஊழியர்களை உட்கார வைத்தது. கம்பெனி மனிதனைப் பிழிவதைச் சொல்லும் கதையை, மனிதர்களைப் பிழிந்து செய்தார்கள்! சிறுசேரியிலும் மகேந்திரா சிட்டியிலும் டெலிவரி தேதிக்காக ராத்திரி கண் விழித்த நம்ம பசங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் ஆட்டக்காரர்கள் இரண்டு விஷயத்தையும் பிரித்துப் பார்த்தார்கள் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். தலைக்குள் இருக்கும் சிப்பில் செத்துப் போன ஒருவனின் நினைவு குடியேறி, 'வி' என்ற கதாபாத்திரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கிற கதையையும், ஜூடி, பனாம் போன்ற பாத்திரங்களையும் திட்டினவர்களே பாராட்டினார்கள். அதே சமயம், ஆரம்பத்தில் நாடோடியா, தெருப்பிள்ளையா, கம்பெனிக்காரனா என்று தேர்ந்தெடுக்கச் சொல்லிவிட்டு, அந்தத் தேர்வு சின்ன முன்னுரையோடு பெரும்பாலும் அடங்கிப் போனதை அவர்கள் மன்னிக்கவில்லை. மறுபடியும் அதே வரி: நான் செய்ததற்கு அர்த்தம் எங்கே?

திரும்பி வந்த சிற்பிகள்

மாமல்லபுரத்தில் நடக்காதது இங்கே நடந்தது. உளியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். 2022 செப்டம்பரில் பெரிய திருத்தம் ஒன்று. 2023 செப்டம்பரில் போலீஸ் முதல் சண்டை முறை வரை மாற்றி அமைத்த 2.0 பதிப்பு, அதே மாதம் 'ஃபேண்டம் லிபர்ட்டி' என்ற புதுக் கதை. 2024 நவம்பருக்குள் 3 கோடிப் பிரதிகள் விற்றிருந்தன.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது 2023 டிசம்பரில் சேர்த்த மெட்ரோ ரயில். முன்னோட்டப் படத்தில் காட்டியிருந்த ரயில், 2020இல் வந்த கேமில் ஏறி உட்கார முடியாததாக இருந்தது. விளையாட்டுக்கு அதனால் ஒரு லாபமும் கிடையாது. ஊருக்குள் போக வேறு எத்தனையோ வழி இருக்கிறது. ஆனாலும் மூன்று வருஷம் விடாமல் கேட்டார்கள். ஏன்? செங்கல்பட்டிலிருந்து பீச் வரை மின்சார ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, கொளவாய் ஏரியைப் பார்த்துக்கொண்டே போனவர்களுக்கு இது புரியும். ஒரு ஊரை ஊராக உணர, அதில் சும்மா உட்கார்ந்து போக வேண்டும்.

இந்தத் திருத்தங்கள் பற்றி ஆட்டக்காரர்கள் இரண்டு கட்சி. 2022க்கான ஸ்டீம் விருதுகளில், ஒரு கேமை விடாமல் பராமரித்ததற்கான விருதை ரசிகர்கள் ஓட்டுப் போட்டு இதற்குக் கொடுத்தார்கள். "உடைத்துக் கொடுத்ததை ஒட்டியதற்கு விருதா? முதல் நாள் வாங்கியவன் காசு கொடுத்து டெஸ்டிங் செய்தானா?" என்று கேட்டது இன்னொரு கட்சி. என் ஓட்டு இரண்டாவது கட்சிக்கு. திரும்பி வந்து முடித்தது பாராட்டத்தக்கதுதான். ஆனால் திரும்பி வரலாம் என்ற தைரியத்தில்தான் தேதி முன்னுக்கும் தரம் பின்னுக்கும் போகிறது. பேட்ச் என்பது ஸ்டெப்னி டயர் மாதிரி. அதை நம்பி மூன்று டயரில் வண்டியைக் கிளப்பக் கூடாது.

சின்னதாக, ஆனால் முழுசாக

கடைசியாக நம்ம ஊர் வாசனையோடு ஒரு கேம். 2023 ஜூலை 31 அன்று, கனடாவின் டொரான்டோவில் இயங்கும் 'விசை கேம்ஸ்' வெளியிட்ட 'வெண்பா'. இது சைபர்பங்க் அல்ல. 1988இல் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா எழுதிக் கொடுத்த, கிழிந்து மங்கிய சமையல் குறிப்பை வைத்துக்கொண்டு இட்லி முதலான பதார்த்தங்களைச் செய்ய வேண்டும். நடுவே மகன் தமிழை விட்டு விலகிப் போவதும் திரும்பி வருவதும். இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். "இவ்வளவு சின்னதா?" என்பதுதான் ஆட்டக்காரர்களின் முக்கியக் குறை. ஆனால் பாதியில் நின்றது என்று யாரும் சொல்லவில்லை. 2024இல் பிரிட்டனின் பாஃப்டா, சிறந்த முதல் கேமுக்கான விருதை அதற்குக் கொடுத்தது.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள், இன்னொரு பக்கம் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் குடங்கள். கொஞ்ச தூரத்தில் மீனவர் குப்பம், கல்பாக்கம் அணுமின் நிலையம், ஏழாம் நூற்றாண்டுக் கல். சைபர்பங்க் கதைக்கு இதைவிட நல்ல களம் நியோ கோபேயில் கிடையாது. உங்களில் யாராவது அதைச் செய்யத்தான் போகிறீர்கள். அப்போது நூறு தெரு வேண்டாம், ஒரே ஒரு தெருவைச் செய்யுங்கள். அந்தத் தெருவில் விளையாடுகிறவன் தட்டுகிற ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் பதில் சொல்ல ஆள் இருக்கட்டும்.

திரௌபதி ரதம் ஐந்தில் மிகச் சிறியது. கிட்டத்தட்ட முடிந்த நிலையில் நிற்பதும் அதுதான். அடுத்த தடவை போகும்போது பார்த்துவிட்டு வாருங்கள்.