சங்கிலியனுக்கு ஒரு சகோதரி இருந்தாள்

ஃபென்பெர்ன் எண்டு ஒரு தீவு. அங்க ஒவ்வொரு தலைமுறையிலும் ராணிக்கு ஒரே சூலில் மூன்று பெண் பிள்ளைகள் பிறக்கும். மூவருக்கும் முடியில் சம உரிமை. பதினாறு வயது வந்தால் ஆளை ஆள் கொல்லத் தொடங்கவேணும். கடைசியில் உயிரோட நிக்கிறவள் ராணி.

கெண்டேர் பிளேக் எழுதிய 'த்ரீ டார்க் கிரவுன்ஸ்' தொடரின் (2016-2019) கதை இது. நாலு நாவல்கள். மிராபெல்லா புயலைக் கூப்பிடுவாள், ஆர்சினோ காட்டோடும் மிருகங்களோடும் வளர்ந்தவள், கதரின் நஞ்சு கொடுக்கிறவர்களின் வீட்டுப் பிள்ளை. ஒரு தேனீக் கூட்டத்தைப் பார்த்துத்தான் இந்தக் கதை தோன்றியது எண்டு பிளேக் சொல்லியிருக்கிறார். பொரித்து வரும் ராணித் தேனீக்கள் ஒண்டையொண்டு கொன்று, மிஞ்சுவது கூட்டை ஆளுமாம்.

வாசிக்கேக்க எனக்கு ஞாபகம் வந்தது தேனீ இல்லை, நல்லூர்.

யாழ்ப்பாண வைபவமாலை சொல்லும் கதையைப் பாருங்கோ. பரராசசேகர மன்னனுக்குப் பட்டத்து ராணி இராசலட்சுமியிடம் சிங்கவாகு, பண்டாரம் எண்டு இரண்டு ஆண் பிள்ளைகள். வள்ளியம்மையிடம் பரநிருபசிங்கன் முதலான நாலு பேர். மங்கத்தம்மாளிடம் சங்கிலியும் பரவையும். சங்கிலி முதலில் சிங்கவாகுவை நஞ்சு கொடுத்துக் கொல்கிறான். பிறகு பண்டாரத்தை வாளால் முடிக்கிறான். வைத்தியம் தெரிந்த பரநிருபசிங்கன் கண்டிக்குப் போயிருந்த நேரத்தில் முடி சங்கிலியின் தலைக்கு வந்துவிடுகிறது.

இதை அப்படியே நடந்த சரித்திரமாக எடுக்க ஏலாது. மயில்வாகனப் புலவர் ஒல்லாந்தர் காலத்தில், 1736 அளவில் எழுதிய நூல் அது. சங்கிலியின் காலத்துக்கும் அதுக்கும் இடையில் ஏறக்குறைய இருநூறு வருசம். 16ஆம் நூற்றாண்டுச் சங்கிலியையும் கடைசி அரசன் சங்கிலியையும் அது ஒரே ஆளாக்கிவிட்டது எண்டு ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆனால் இரண்டாம் சங்கிலியின் கதையும் பெரிசா வேற இல்லை. எதிர்மன்னசிங்கம் இறந்தபோது வாரிசு ஒரு சின்னப் பிள்ளை. அந்தப் பிள்ளைக்காக அரசைப் பார்த்த அரசகேசரியையும் வேறு இளவரசர்களையும் கொன்றுதான் 1617இல் சங்கிலி அதிகாரத்தைப் பிடிச்சான்.

சரி, அப்ப பரவை?

வைபவமாலையில் அவளுக்குப் பிறப்பு உண்டு, பெயர் உண்டு. தன் சகோதரன் சகோதரர்களைக் கொல்லேக்க அவள் என்ன நினைத்தாள், எந்தப் பக்கம் நிண்டாள் எண்டு எழுத ஒருத்தருக்கும் தோன்றேல்ல. அவளால் முடி கேக்க ஏலாது, அதனால் அவளைக் கொல்லவும் தேவை இல்லை. கொல்லப்பட்ட சிங்கவாகுவுக்காவது ஒரு கதை மிஞ்சியது.

'அந்தக் காலத்தில பொம்பிளையள் அரசாளுறதே இல்லை' எண்டு சொல்ல வேண்டாம். இதே தீவில், பொலன்னறுவையில் லீலாவதி 12ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலுமாக மூன்று தரம் சிம்மாசனம் ஏறினாள். இடையில் கல்யாணவதியும் ஆண்டாள். அவர்களுக்கு ஆயிரத்துச் சொச்சம் வருசத்துக்கு முதல் அநுராதபுரத்தில் அனுலா. கணவர்களை ஒருத்தருக்குப் பின் ஒருத்தராக நஞ்சு வைத்துக் கொன்று, கடைசியில் நாலு மாதம் தானே ஆண்டாள் எண்டு மகாவம்சம் சொல்கிறது.

இங்கதான் எனக்கு இடிக்குது. அனுலாவின் பெயரைச் சொன்னால் முதலில் வருவது நஞ்சு. சங்கிலியின் பெயரைச் சொன்னால் முதலில் வருவது முத்திரைச் சந்தியில் வாளோடு குதிரையில் நிக்கிற சிலை. இரண்டு நூலும் இரண்டு பேர் மேலும் ஏறக்குறைய ஒரே குற்றத்தைத்தான் எழுதி வைத்திருக்கு. ஒருத்தி பழிக்கு ஆளானாள், மற்றவன் அந்நியரை எதிர்த்த வீரன் ஆனான். எதிர்த்தது உண்மைதான், அதை நான் மறுக்கேல்ல. அந்த நஞ்சையும் சேர்த்துச் சொல்லுவம் எண்டுதான் கேக்கிறன்.

முடிவிலும் இதே கணக்குத்தான். 1619இல் பிலிப் டி ஒலிவேரா யாழ்ப்பாணத்தைப் பிடித்தான். சங்கிலி கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டு 1623இல் கொல்லப்பட்டான். அரச குடும்பத்தில் மிஞ்சினவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, துறவுக்குப் போகச் சொல்லித் தூண்டினார்கள். பெண்கள் கன்னியர் மடத்துக்குப் போனால் பிள்ளைகள் இல்லை, பிள்ளைகள் இல்லையெண்டால் நல்லூருக்கு உரிமை கேக்க ஆள் இல்லை. அதுக்கு முன்னமே கண்டி அரசன் செனரத்தின் வீட்டுப் பிள்ளைகளான குமாரசிங்கவுக்கும் விஜயபாலவுக்கும் இரண்டு யாழ்ப்பாண இளவரசிகளைக் கட்டிக் கொடுத்திருந்தது. அந்த மாப்பிள்ளைகளின் பெயர் எனக்குத் தெரியும். பெண்களின் பெயர் நான் வாசித்த எதிலும் இல்லை.

பார்த்தால், அந்தப் பெண்களின் இரத்தத்தில் ஓடின உரிமை எவ்வளவு பெரிசு எண்டு போர்த்துக்கேயருக்கும் தெரியும், கண்டிக்கும் தெரியும். எங்கட நூல்தான் அதை எழுதாமல் விட்டது.

ஃபென்பெர்ன் ஒரு கொடூரமான தீவு. எண்டாலும் அங்க மூன்று சகோதரிகளின் பெயரும் நாலு நாவல் முழுக்க வருகுது. அடுத்த முறை முத்திரைச் சந்தியைத் தாண்டேக்க சிலையைப் பார்த்திட்டு, பக்கத்தில் வாறவரிட்ட ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ: சங்கிலியனுக்கு ஒரு சகோதரி இருந்தாளாம், பெயர் தெரியுமா எண்டு.