இஸ்கோப்பன்: ஒரு கடதாசிச் சின்னத்தின் சரித்திரம்

மாங்குளத்திலிருந்து வெள்ளாங்குளம் செல்லும் வீதியிலே, வவுனிக்குளத்து நீரால் விளையும் வயல்களுக்கு அண்மையில் அமைந்த மல்லாவியில், சூடடிப்பு முடிந்து நெல்லும் வீடு சேர்ந்த பின்னர், மரநிழலில் பாய் விரித்து நால்வர் எதிரெதிரே அமர்ந்து ஆடும் 304 என்னும் கடதாசி விளையாட்டைக் காண்போர், அதனை வெறும் பொழுதுபோக்கென்றே எண்ணிக் கடந்து செல்வர். ஆயினும் பாயின்மீது அறைந்து போடப்படும் அந்தக் கரிய இஸ்கோப்பன் இனத்துக்குப் பின்னால், சுல்தான்களின் அரண்மனையும், அச்சுக்காரரின் பட்டறையும், ஒல்லாந்தரின் கப்பலும் அடங்கிய நெடுஞ்சரித்திரம் ஒன்று இருக்கிறது.

எகிப்தை மம்லூக் சுல்தான்கள் ஆண்ட காலத்துச் சீட்டுகளில் வாள், கிண்ணம், நாணயம், போலோக் கோல் என நான்கு இனங்கள் இருந்தன. கையால் வரையப்பட்ட அத்தகைய கட்டொன்று இஸ்தான்புல்லின் தோப்காப்பி அரண்மனையில் இருப்பதை எல்.ஏ. மேயர் என்னும் அறிஞர் 1939இல் உலகறியச் செய்தார். பதினான்காம் நூற்றாண்டிலே இச்சீட்டுகள் மத்தியதரைக் கடலைக் கடந்து ஐரோப்பாவுக்குச் சென்றன. 1377இல் புளோரன்ஸ் நகரம் தடை விதிக்குமளவுக்கு ஆட்டம் அங்கே வேகமாகப் பரவியிருந்தது. இத்தாலியரும் ஸ்பானியரும் வாளையும் கிண்ணத்தையும் அவ்வாறே வைத்துக்கொள்ள, ஜெர்மானியரோ இதயம், மணி, கருவாலிக்காய், இலை என்னும் புதிய சின்னங்களைத் தமக்கென வகுத்துக்கொண்டனர்.

பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சுக்காரர் அந்த இலையின் வடிவத்தையொத்த கரிய உருவொன்றை அமைத்து, அதற்கு ஈட்டி என்று பெயரிட்டனர். அரசன், அரசி முதலிய உருவச் சீட்டுகளுக்கு மட்டும் மரக்கட்டையில் செதுக்கி, ஏனைய சீட்டுகளின் சின்னங்களைத் துளைத்த தகட்டின்மேல் சிவப்பும் கறுப்புமாக மையைத் தடவிப் பதித்துவிடலாம் என்னும் வசதியினால், அவர்களுடைய கட்டு மலிவாக உற்பத்தியாகி, அழகிற் சிறந்த ஏனைய கட்டுகளையெல்லாம் சந்தையில் வென்றது. இன்று உலகம் முழுவதும் வழங்கும் இவ்வடிவம் தத்துவ விசாரத்தினின்றும் பிறந்ததன்று. தொழிற் சிக்கனத்தினின்றும் பிறந்ததேயாம்.

உருவம் ஒன்றாயினும் பெயர் நாட்டுக்கு நாடு வேறாயிற்று. ஆங்கிலேயர் தாம் முன்னமே அறிந்திருந்த தென்னைரோப்பிய வாளினத்தின் பெயரை அதற்கு இட்டனர். ஒல்லாந்தர் மண் அள்ளும் சவளின் பெயரால் ஸ்கோப்பன் என்றழைத்தனர். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பறங்கியரிடமிருந்து கைப்பற்றி, வன்னியர் தலைவர்களிடம் யானைகளைத் திறையாகப் பெற்று, 1795 வரை வடபுலத்தில் ஆட்சி செலுத்திய அவ்வொல்லாந்தரின் சொல்லே நம்மவரிடம் இஸ்கோப்பனாகவும், சிங்களவரிடம் இஸ்கோப்பவாகவும் நிலைத்தது.

ஆட்டத்தின் முறையும் இதற்குச் சான்று பகரும். 32 சீட்டுகளைக் கொண்ட 304இல், இனமொன்றுக்கு எட்டுச் சீட்டுகளாக, ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2 எனப் புள்ளிகள் வகுக்கப்பட்டு, எட்டும் ஏழும் வெறுஞ்சீட்டுகளாக, இனத்துக்கு 76 என்ற கணக்கில் நான்கினத்துக்கும் 304 ஆகிறது. ராசாவுக்கு மேலே ஜாக்கையும், ஆசுக்கு மேலே ஒன்பதையும் ஏற்றிவைக்கும் இவ்விசித்திரமான வரிசை, நெதர்லாந்தின் யாஸ் என்னும் ஆட்டத்தில் துரும்பினத்துக்கு உரியது. அவ்வாட்டமே ஒல்லாந்தரின் கப்பலேறிக் கீழ்த்திசை வந்து இவ்வாறு மாறியதென்பது ஆட்டங்களின் வரலாற்றை ஆராய்ந்தோர் கொள்கை.

இனி, இச்சின்னத்துக்குக் கற்பிக்கப்பட்ட அர்த்தங்களைப் பார்ப்போம். இது போர்புரியும் பிரபுக்களையும், இதயம் குருமாரையும், சாய்சதுரம் வணிகரையும், கலாவரை உழவரையும் குறிக்குமென்பது பலரும் எடுத்துரைக்கும் வியாக்கியானமாயினும், அது சீட்டுகள் தோன்றி நெடுங்காலத்தின் பின் எழுந்த அனுமானமேயன்றி, அவற்றை அச்சிட்டவர் கருத்தாகத் தெரியவில்லை. இஸ்கோப்பன் ஆசின் ஆடம்பரமோ வரியினால் வந்தது. 1765 முதல் இங்கிலாந்தில் முத்திரைத் தீர்வை அலுவலகமே அந்தச் சீட்டை அச்சிட்டுக் கொடுத்தது. அதனைக் கள்ளமாக அச்சிட்டமைக்காக ரிச்சர்ட் ஹார்டிங் என்பவர் 1805இல் தூக்கிலிடப்பட்டார். சீட்டுக்கான அத்தீர்வை 1960இல் நீக்கப்பட்ட பின்னரும் அந்த ஆசின் பெரிய உருவம் மாறவில்லை. வியட்நாம் யுத்தத்தில் அமெரிக்கப் போர்வீரர் அதனை மரணச் சின்னமாகக் கொண்டு பகைவரை அச்சுறுத்த முயன்றனர். வியட்நாமிய மக்களின் மரபிலோ அச்சீட்டுக்கு அத்தகைய பொருளே இருக்கவில்லை.

ஆகவே, இலையென்றும் ஈட்டியென்றும் வாளென்றும் சவளென்றும் மரணமென்றும் அவரவர் ஏற்றிய பொருள்களெல்லாம் காலத்தோடு வந்தவையே. 304இல் எந்த இனமும் பிறப்பினால் உயர்ந்ததன்று. கூடுதலாகக் கேள்வி கேட்டவர் தம் கையிலிருந்து ஒரு சீட்டைக் கவிழ்த்து வைத்துத் துரும்பு என விதித்தால் மட்டுமே இஸ்கோப்பனுக்கு ஆட்சி. அடுத்த ஆட்டத்தில் அந்த ஆட்சி கலாவரைக்கும் போகலாம்.