புகைத்தாளில் எழுதிய பயம்

ராயபுரம் பக்கத்துப் பழைய ஜனங்களுக்கு நம் ஆஸ்பத்திரி 'கஞ்சித்தொட்டி'தான். 1782-இல் பஞ்சத்தில் வாடியவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய சத்திரம், 1938-இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியான கதையை மலருக்கு மலர் யாராவது எழுதிவிடுகிறார்கள். நான் எழுதப்போவது உடலியல் கூடத்து கைமோகிராஃப் உருளையைப் பற்றி!

ஜெர்மனியின் கார்ல் லுட்விக் 1847-இல் செய்த கருவி அது. பாதரசத்தின் மேல் மிதக்கும் ஊசி, புகைக்கரி படிந்த தாளில் மிருகத்தின் ரத்த அழுத்தத்தை அலை அலையாக எழுதிக்கொண்டே போகும். சட்டையெல்லாம் கரியான சீனியர்களுக்கு மறந்திருக்காது. தம்பி தங்கைகளுக்கு இப்போது கம்ப்யூட்டர் திரை. மிருகங்களுக்கும் 1998-இன் விதிகள் காவலிருக்கின்றன. நல்லதுதான்.

அந்த அலையில் பயத்தைப் படிக்க முடியுமா? 1980-களில் நியூயார்க்கில் ஜோசப் லெடூ இதைத்தான் கேட்டார். எலிக்கு ஒரு ஓசை, கூடவே காலடியில் மின்னதிர்ச்சி. சில தடவை இப்படிச் செய்தபின் வெறும் ஓசை கேட்டாலே போதும். எலி உறைந்து நிற்கும், தமனியில் செருகிய குழாய் வழியே அழுத்தம் ஏறுவதும் தெரியும். கேள்விப்புறணியை அகற்றினாலும் இது நடந்தது. அதற்குக் கீழே தலாமஸில் உள்ள நிலையத்தை அழித்தால் நின்றுபோனது.

1988-இல் வந்ததுதான் விசேஷம். அமிக்டலாவிலிருந்து இறங்கும் பாதைகளில் பக்க ஹைப்போதலாமஸை அழித்தார்கள்: அழுத்தம் ஏறவில்லை, ஆனால் எலி உறைந்து நின்றது. நடுமூளையின் சாம்பல் பகுதியை அழித்தார்கள்: எலி உறையவில்லை, அழுத்தம் மட்டும் ஏறியது. அப்படின்னா எலி பயந்ததா, இல்லையா? 2014-இல் லெடூவே, இதைப் 'பயம்' என்று சொல்ல வேண்டாம், 'அச்சுறுத்தலுக்கு உடலின் பதில்' என்று வைத்துக்கொள்வோம் என்று எழுதினார். என் கட்சியும் அதுதான்.

நம் ஸ்டான்லியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், ஹிர்ஸ்டைனுடன் 1997-இல் எழுதியது இதன் மறுபக்கம். பெற்ற தாயைப் பார்த்து, "இவங்க அம்மா மாதிரி இருக்கிற வேற யாரோ" என்ற நோயாளி அவர். பெற்றோர் படத்தைக் காட்டியும் தோலின் மின்கடத்தல் அசையவில்லை. முகம் தெரிந்தது, உடல் பதில் சொல்லவில்லை. அதே ஆள் போனில் குரல் கேட்டால் அம்மா என்று ஒப்புக்கொள்வார்!

வெளிநோயாளிப் பிரிவில் உட்காரப்போகும் தம்பி தங்கைகளே, துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு வரும் மனிதர் கையில் நீங்கள் பட்டையைச் சுற்றும்போதும் எலியின் கதைதான். இத்தாலியில் மான்ச்சியா குழுவினர் 1983-இல் நோயாளிகளின் தமனியிலேயே குழாய் வைத்துப் பார்த்தார்கள். டாக்டர் பக்கத்தில் வந்த சில நிமிடத்தில் மேல் அழுத்தம் சராசரியாக 27 மி.மீ. ஏறியது. நர்ஸ் வந்து அளந்தபோது ஏற்றம் ஏறக்குறைய பாதிதான் என்று 1987-இல் அதே குழு எழுதியது. நம் சிஸ்டர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள்.