விருப்பப் பொத்தானும் அதன் எண்ணிக்கையும்

இணைய உரையாடல்களில் ஒருவர் எழுதியதை மற்றவர்கள் ஒரே சொடுக்கில் ஆமோதிக்க உதவுவது விருப்பப் பொத்தான். பேச்சு வழக்கில் 'லைக்'. இது ஃபேஸ்புக்கின் கட்டைவிரலோடு பிறந்தது என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் அதற்கு ஏறத்தாழப் பத்தாண்டுகள் முன்பே இதன் வரலாறு தொடங்கிவிட்டது. அந்த வரலாற்றில் அதிகத் தொல்லை தந்தது பொத்தான் அன்று. அதன் அருகில் எல்லோர் கண்ணிலும் படும்படி நிற்கும் எண்.

பொத்தானுக்கு முன்

1980இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கிடையே தொடங்கிய யூஸ்நெட்டில் வாக்களிக்க வழி இல்லை. ஒரு கருத்தை ஏற்பவர் அதை எழுதித்தான் தெரிவிக்க வேண்டும். 1990களின் நடுவில் ஏஓஎல் நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் பெருந்திரளாக அங்கே வந்தனர். நீண்ட மடல் ஒன்றை முழுவதுமாக எடுத்துப்போட்டு, அதன் அடியில் 'நானும்தான்' என்று மட்டும் எழுதும் மறுமொழிகள் பெருகின. மெதுவான தொலைபேசி இணைப்பில் படித்தவர்களுக்கு இது பெருந்தொல்லை. பழைய பயனர்களுக்கோ கேலிப்பொருள். பொத்தானின் முதல் நன்மை இங்கேதான் இருக்கிறது. ஆமோதிப்பு ஒரு சொடுக்கில் முடிந்துவிட்டால், சொல்வதற்கு ஏதேனும் இருப்பவர் மட்டும் எழுதினால் போதும்.

சிலாஷ்டாட்டின் ஐந்து புள்ளிகள்

1997இல் ராப் மால்டா தொடங்கிய சிலாஷ்டாட் கணினித் துறையினரின் செய்தித் தளம். முதலில் வேண்டாத பின்னூட்டங்களை அவரே கவனித்துக்கொண்டார். கூட்டம் பெருகவே சிலரை உதவிக்குச் சேர்த்தார். பிறகு சில நூறு பேரை. அதுவும் போதாமல், வழக்கமான பயனர்களிலிருந்து கணினியே ஆட்களைப் பொறுக்கும் முறை வந்தது. தேர்வானவருக்கு ஐந்து புள்ளிகள். மூன்று நாள்களுக்குள் செலவிட வேண்டும். தாம் பேசிய விவாதத்தில் தாமே மதிப்பிட முடியாது. பின்னூட்டத்தின் மதிப்பு −1இலிருந்து 5 வரை. கூட்டியதற்கும் குறைத்ததற்கும் 'ஆழமானது', 'வேடிக்கையானது', 'வம்புக்கு இழுப்பது' என ஒரு காரணத்தையும் குறிக்க வேண்டும். வாக்கை எல்லோருக்கும் அளவின்றி வழங்காமல், அரிதாகவும் காரணத்தோடும் வழங்கிய இந்த முறை பின்வந்த பலவற்றைக் காட்டிலும் நிதானமானது.

எழுதுபவர் பெறும் மதிப்புகள் சேர்ந்து அவருடைய 'கர்மா' ஆயின. வினைப்பயன் என்னும் இந்தியக் கருத்து கணினித் துறைக்குள் நுழைந்தது இப்படித்தான் என்றால், அதன் கதி சற்று வேடிக்கையானதே. கர்மா எண்ணாகத் தெரிந்தவரை பயனர்கள் அதை விளையாட்டுப் புள்ளிபோலச் சேர்க்கத் தொடங்கினர். கைத்தட்டலுக்காகவே எழுதுபவர்களைக் குறிக்க இழிசொல் ஒன்றும் உருவானது. நகைச்சுவைக்குக் கிடைக்கும் வாக்கு கர்மாவில் சேராது என்றனர். பிறகு எண்ணையே எடுத்துவிட்டு, 'நல்லது', 'மிக நல்லது' போன்ற சொற்களை வைத்தனர். பிற்காலத்துப் பெரிய தளங்கள் செய்த திருத்தங்களின் முன்மாதிரி இது.

முந்தி வந்தவருக்கே முதலிடம்

2005இல் தொடங்கிய ரெடிட், மேல்நோக்கும் அம்பையும் கீழ்நோக்கும் அம்பையும் எல்லோர் கையிலும் கொடுத்தது. உடனே ஒரு குறை தெரிந்தது. முதலில் எழுதியவர் முதலில் வாக்குப் பெறுகிறார். அதனால் மேலே நிற்கிறார். மேலே நிற்பதால் மேலும் வாக்குப் பெறுகிறார். சிறந்த பதிலோடு இரண்டு மணிநேரம் கழித்து வந்தவர் அடியில் புதைந்துபோகிறார். 2009இல் ரெடிட் புதிய வரிசைமுறையைக் கொண்டுவந்தது. எட்வின் வில்சன் என்பவர் 1927இல் வெளியிட்ட புள்ளியியல் வாய்பாடே அதன் அடிப்படை. மொத்த வாக்கைக் கணக்கிடாமல், கிடைத்த வாக்குகளில் ஆதரவின் விகிதம் எவ்வளவு, அந்த விகிதத்தை எந்த அளவு நம்பலாம் என்று அது பார்க்கிறது. 2013இல், புதிய பின்னூட்டங்களின் எண்ணைச் சிறிது நேரம் மறைத்துவைக்கும் வசதியும் வந்தது.

எண்ணை மறைப்பதற்குக் காரணம் உண்டு என்பதை அதே ஆண்டு 'சயன்ஸ்' இதழில் லெவ் முச்னிக், சினான் ஆரல், ஷான் டெய்லர் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஒரு செய்திப் பகிர்வுத் தளத்தில் ஐந்து மாதங்களில் வந்த 1,01,281 பின்னூட்டங்களில் சிலவற்றுக்கு, எழுதப்பட்ட உடனே, உள்ளடக்கத்தைப் பாராமல், ஓர் ஆதரவு வாக்கு அளிக்கப்பட்டது. அவற்றை முதலில் பார்த்தவர் தாமும் ஆதரவாக வாக்களிக்கும் வாய்ப்பு 32 விழுக்காடு கூடியது. இறுதி மதிப்பு சராசரியாக 25 விழுக்காடு உயர்ந்தது. பொய்யாகப் போடப்பட்ட எதிர்வாக்குக்கு இந்த வலிமை இல்லை. மற்றவர்கள் அதை ஈடுகட்டிவிட்டனர். கூட்டம் அநியாயமான தண்டனையைத் திருத்துகிறது, அநியாயமான பாராட்டைத் திருத்துவதில்லை. அரசியல் பேச்சில் இந்த மந்தைப்போக்கு தெளிவாகத் தெரிந்தது. பொதுச் செய்திகளில் தெரியவில்லை.

கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2008இல் வேறொரு வழியைத் தேர்ந்தது. ஒரு பதிலுக்கு எதிர்வாக்கு விழுந்தால் எழுதியவர் 2 புள்ளிகளை இழக்கிறார். வாக்களித்தவரும் ஒன்றை இழக்கிறார். பிறரைக் குறைசொல்வதற்கும் ஒரு விலை உண்டு. ஆயினும் விரைந்து எழுதிய இரண்டு வரிப் பதில், பொறுமையாக எழுதிய முழுமையான பதிலை முந்துவது அங்கேயும் ஓயவில்லை.

கட்டைவிரல்

2007இல் ஃபேஸ்புக்கில் இதன் திட்டம் 'அற்புதம்' என்னும் பொருள்தரும் ஆங்கிலப் பெயரில் உருவானது. பொத்தான் வந்தால் மக்கள் கருத்து எழுதுவதை நிறுத்திவிடுவார்கள் என்ற அச்சம் அதைத் தாமதப்படுத்தியது. சோதனையில் கருத்துகள் கூடவே செய்தன. 2009 பிப்ரவரி 9 அன்று பொத்தான் வெளியானது. யூஸ்நெட்டில் தொல்லையைக் குறைக்கத் தேவைப்பட்ட ஒன்று இங்கே ஆளைத் தளத்தில் இருத்திவைக்கும் கருவியாயிற்று. 2016இல் சினம், சிரிப்பு போன்ற உணர்ச்சிக்குறிகள் சேர்ந்தன. அடுத்த ஆண்டு முதல், எந்தப் பதிவைப் பலருக்குக் காட்டுவது என்ற கணக்கில் சினக்குறி ஒன்று ஐந்து விருப்பங்களுக்குச் சமமாக எடுத்துக்கொள்ளப்பட்டது 2021இல் அம்பலமானது.

ஒரு சொடுக்கின் பொருள் என்ன என்பது நீதிமன்றம்வரை சென்றது. அமெரிக்காவில் ஷெரீஃப் தேர்தல் ஒன்றில், எதிர்வேட்பாளரின் பக்கத்தை விரும்பிய ஊழியர் வேலை இழந்தார். விருப்பமும் பேச்சே என்று 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. மகாராட்டிரத்தின் பால்கரில் 2012 நவம்பரில், பால் தாக்கரேயின் மறைவையொட்டிய கடையடைப்பைக் குறைகூறி ஓர் இளம்பெண் எழுதினார். அதற்கு விருப்பம் இட்ட தோழியும் உடன் கைதானார். அந்தக் கைதுகளால் விவாதத்துக்கு வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று நீக்கியது. 'படித்தேன்', 'ஏற்கிறேன்', 'உன் பக்கம் நிற்கிறேன்' என்ற மூன்றையும் ஒரே குறி சுமப்பதால் வரும் ஆபத்து இது.

மறைக்கப்பட்ட எண்

இன்ஸ்டாகிராம் 2019இல் சில நாடுகளில் விருப்ப எண்ணிக்கையை மறைத்துப் பார்த்தது. 2021இல் மறைப்பதா வேண்டாமா என்பதைப் பயனரிடமே விட்டது. யூடியூப் 2021 நவம்பரில் எதிர்வாக்கின் எண்ணிக்கையை மட்டும் மறைத்தது. பொத்தான் அப்படியே இருக்கிறது. எண் காணொளியை வெளியிட்டவருக்கு மட்டும் தெரிகிறது. கூட்டமாகச் சேர்ந்து ஒருவரைத் தாக்குவதைக் குறைப்பதே நோக்கம் என்று நிறுவனம் சொன்னது. குழாய் பழுதுபார்க்கவோ கணினியைச் சரிசெய்யவோ வழி தேடுபவர், தவறான காணொளியை முதல் நொடியிலேயே அடையாளம் காண இருந்த குறிப்பும் அதோடு மறைந்தது. யூடியூபை நிறுவியவர்களுள் ஒருவரான ஜாவேத் கரீம், அத்தளத்தின் முதல் காணொளியான தமது விலங்குக்காட்சிச்சாலைப் பதிவின் விளக்கக்குறிப்பைத் திருத்தி, அந்த இடத்திலேயே தம் எதிர்ப்பை எழுதினார்.